எண்சாண் உடம்பும் எடைத் தராசும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அதன் பிற்பகுதியையே எல்லோரும் எடுத்துப் பேசுவர். முற்பகுதியிலும் ஓர் உண்மை பொதிந்திருக்கின்றது. ஒவ்வொருவருடைய உயரமும் அவரவர் கைச்சாணால் எட்டு என்பதே அதன் பொருள். இங்கே அளவுகோல் வெளியிலிருந்து வருவதன்று. அளக்கப்படும் உடம்பிலேயே அமைந்துள்ளது. பிள்ளை வளர, அதன் சாணும் உடன் வளரும். ஆகவே இவ்வளவையால் உறுப்புக்கள் ஒன்றற்கொன்று பொருந்தியிருக்கின்றனவா என்று அறியலாமேயன்றி, உடம்பு வளரவேண்டிய மட்டிற்கு வளர்ந்ததா என்று அறிதல் இயலாது. உணவு குன்றிய பிள்ளையும் தன் கையால் ஏறக்குறைய எட்டுச் சாணே. இந்த இரண்டாவது வினாவுக்கு விடைகாணவே உலக அறிஞர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக முயன்றனர். அம்முயற்சியின் வரலாற்றை மயிலிட்டி என்னும் கரையூரில் நின்று நோக்குதல் பல வகையாற் பொருத்தமானது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்குக் கிழக்கே, பலாலிக்கு அணித்தாக அமைந்த ஊர் மயிலிட்டி. கரையிலே கடற்றொழிலும் உள்ளே செம்மண் தோட்டங்களும் கொண்டது. இலங்கையின் முன்னணி மீன்பிடித் துறைகளுள் ஒன்றாகப் பெயர்பெற்றது. இத்தகைய ஊரிலே மீனை நிறுப்பதற்குத் தராசு என்றும் உண்டு. பிள்ளையை நிறுப்பதற்கோ தராசு நெடுங்காலம் இல்லை. பிள்ளையின் பாரத்தை வாய்விட்டுச் சொன்னால் நாவூறு படும் என்று அஞ்சிய காலம் அது.

அதனால் வளர்ச்சியை அக்காலத்தார் கவனிக்கவில்லை என்று எண்ணுதல் தவறு. அவர்கள் வளர்ச்சியை எடையால் அறியவில்லை, பருவத்தால் அறிந்தனர். பிள்ளைத்தமிழ் இலக்கணம் குழவிப் பருவத்தைப் பத்தாக வகுத்தது. ஐந்தாம் மாதத்திலே தலையெடுத்து முகமசைத்து ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்திலே இருந்து கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டளவிலே தளர்நடையிட்டு வருவது வருகை. இக்காலக் குழந்தை வைத்தியர் தம் பதிவேட்டிற் குறிக்கும் இயக்கப் படிகளும் இவற்றிலிருந்து வெகுதூரம் விலகியவையல்ல. பெண்ணின் வாழ்நாளைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாகப் பாட்டியல் நூல்கள் வகுத்தன. பேரிளம்பெண்ணின் எல்லை நாற்பது வயது என்பர். அதன் பின்னர் வரும் முதுமைக்கு அங்கே பெயரில்லை.

யாழ்ப்பாணத்து வீட்டு வழக்கங்களிலும் இதே கணக்கைக் காணலாம். பிள்ளைக்கு முதன்முதற் சோறு தீத்தும் நாள் ஒன்று. பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை கொட்டும் நாள் மற்றொன்று. பெற்ற தாய்க்குச் சரக்குக் கறியும் பாற்சுறா வறையும் அளிப்பர். பூப்பெய்திய பெண்ணுக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டுவர். எந்தப் பருவத்தில் உடம்பு மிகுதியான உணவை வேண்டி நிற்கின்றது என்பதை அனுபவத்தால் அறிந்த ஏற்பாடு இது. ஆயினும் இதிலும் ஒரு குறையுண்டு. பெண்பிள்ளையின் உயரம் மிக விரைந்து ஏறுங் காலம் பூப்புக்கு முன்னரே கழிந்துவிடுகின்றது என்பதைப் பிற்கால ஆராய்ச்சி நிறுவியது. ஊட்டம் மிகவும் வேண்டியிருந்த ஆண்டுகளில் அப்பெண் பெரும்பாலும் யார் கவனத்திலும் இல்லை. உழுத்தங்களி வீண் என்பதன்று. அது சற்றுப் பிந்தி வந்தது என்பதே.

வழக்குச் சொல்லொன்று இங்கே தனியாக நினைக்கத் தக்கது. அடுத்த பிள்ளை பிறந்தமையால் தாய்ப்பால் இழந்து மெலிந்த மூத்த பிள்ளையைச் சவலை என்பர். 1930-ஆம் ஆண்டுகளிலே மேற்காபிரிக்கக் கோல்ட்கோஸ்ட் நாட்டிற் பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் வைத்தியப் பெண்மணி, பால் மறந்த பிள்ளைகளுக்கு வரும் வீக்க நோயொன்றை விளக்கி, 1935-இல் குவாஷியோர்க்கர் என்னும் உள்ளூர்ப் பெயரையே மருத்துவ உலகிற்கு அளித்தார். அடுத்த பிள்ளையின் வரவால் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பதே அதன் பொருள். ஒன்றையொன்று அறியாத இரு நாட்டுத் தாய்மார், ஒரே காரணத்தைக் கண்டு, தத்தம் மொழியிற் பெயரிட்டிருந்தனர்.

இனி, அளவுகோலின் வரலாற்றிற்கு வருவோம். பிரான்ஸ் தேசத்திலே மொன்பெயார் என்னும் பிரபு, 1759-இற் பிறந்த தம் மகனைப் பதினெட்டு வயதுவரை காலந்தோறும் அளந்து குறித்து வைத்தார். இயற்கை நூலறிஞர் பூபொன் அக்குறிப்பை வெளியிட்டார். ஒரே பிள்ளையைத் தொடர்ந்து அளந்த குறிப்புக்களுள் பழைமையானதாக இன்றும் அதனைப் போற்றுவர். வளர்ச்சி சீராக ஓடும் ஆறன்று. முதலில் வேகமாக ஓடி, பின் தணிந்து, குமரப் பருவத்திலே மீண்டும் பாய்ந்து, அதன் பின் நிற்பது என்பது அதனாற் புலனாயிற்று. 1835-இற் பெல்ஜிய நாட்டு வானநூலறிஞர் கெட்டலே, வளர்ந்தோரின் எடை அவர்தம் உயரத்தின் வர்க்கத்தோடு ஒத்துச் செல்கின்றது என்று காட்டினார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தக் கணக்கிற்கு 1972-இல் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் உடற்றிணிவுச் சுட்டி என்று பெயரிட்டார். விண்மீன்களை ஆராய்ந்தவர் வகுத்த கணக்கே இன்று ஒவ்வொரு வைத்தியசாலையிலும் வழங்குகின்றது.

அளப்பது ஒன்று, அளவு குறைந்ததன் காரணத்தை அறிவது வேறொன்று. இவ்விரண்டாவது பணியில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சிறப்பான பங்குண்டு. நீலகிரியிலுள்ள குன்னூரிலே றொபேட் மக்காரிசன் என்னும் வைத்தியர் இந்திய மக்கள் பலரின் உணவு முறைகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் கீரையும் கலந்த வடமேற்கு மக்களின் உணவை உண்டவை நன்கு கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரும்பாலும் நம்பிய உணவை உண்டவை சிறுத்து மெலிந்தன. உடம்பின் வேறுபாடு குலத்தின் வேறுபாடு என்று பலர் நம்பியிருந்த நாளில், அதிற் பெரும் பங்கு உண்கலத்தின் வேறுபாடு என்பதை எலிகள் காட்டின. அவருக்குப்பின் 1935-இல் அங்கே பொறுப்பேற்ற அய்க்றொயிட் என்பார், பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலைக் கூடுதலாக அளித்து, அவர்கள் உயரத்திலும் எடையிலும் ஏனையோரை முந்தியதைக் கண்டார். அந்நிலையம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிற்று.

அதே காலத்திற் கொழும்பிலே பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் வைத்தியர், போதிய ஊட்டமில்லாதோரின் தோல் தேரையின் தோல்போற் சொரசொரப்பாவதை 1933-இல் விளக்கி எழுதினார். விற்றமின் ஏ குறைந்தமையே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். கொழுப்பமிலக் குறைவும் வேறு குறைவுகளும் சேர்ந்திருக்கலாம் எனப் பின்வந்தோர் கருதினர். அந்த விற்றமின் மீனின் ஈரலெண்ணெயில் நிறைந்தது. இரண்டாம் உலகப் போரினால் ஐரோப்பிய மீனெண்ணெய் வரவு தடைப்பட்டபோது, சென்னை அரசு சுறாவின் ஈரலிலிருந்து எண்ணெய் வடித்து வழங்கலாயிற்று. கடல் கடந்து போத்தலில் வந்த மருந்து, இக்கரைகளில் நாள்தோறும் ஏறும் சுறாவிலேயே இருந்தது.

போருக்குப் பின்னர் அளவை தாயின் கைக்கு வந்தது. நைஜீரியாவிலே டேவிட் மோர்லி என்னும் வைத்தியர், மாதந்தோறும் பிள்ளையின் எடையைக் குறிக்கும் ஓர் அட்டையை உருவாக்கி, அதனைத் தாயிடமே கொடுத்துவைத்தார். ஒருநாள் எடை எவ்வளவு என்பதிலும், சென்ற மாதத்திலிருந்து கோடு ஏறுகின்றதா, படுக்கின்றதா, இறங்குகின்றதா என்பதே முக்கியம் என்பது அவ்வட்டையின் தத்துவம். 1972-இல் ஜோன் வாட்டர்லோ என்பார் குறைவை இரண்டாகப் பிரித்தார். உயரத்திற்கேற்ற எடை இல்லாமை அண்மையில் நேர்ந்த பட்டினியின் அல்லது நோயின் அடையாளம். வயதிற்கேற்ற உயரம் இல்லாமை நெடுநாட் குறைவின் அடையாளம். முன்னையது மெலிவு, பின்னையது வளர்ச்சி குன்றல். மெலிவு நல்லுணவால் விரைவில் மாறும். குன்றிய உயரமோ இரண்டு மூன்று வயதுக்குள் திருத்தப்படாவிடிற் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நின்றுவிடும்.

இலங்கையிலே 1973-இல் திரிபோஷா என்னும் சத்துமா தாய்மார்க்கும் சிறுவர்க்கும் வழங்கப்படலாயிற்று. 1975-76-இல் நாடளாவ நடந்த அளவீட்டிற் சிறுவருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் உயரம் குன்றியவராகக் காணப்பட்டனர். 2016-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டோருள் அவ்வாறு குன்றியோர் நூற்றுக்கு 17.3, மெலிந்தோர் நூற்றுக்கு 15.1. ஒப்பிடும் நியமம் இடையில் மாறியதாயினும், உயரம் பெருமளவு தேறியது என்பதில் ஐயமில்லை. மெலிவுதான் இன்னும் விட்டகலவில்லை.

எடையைப் பற்றி மயிலிட்டி கற்பித்த பாடமும் ஒன்றுண்டு. அவ்வூர்க் கடற்கரையை அண்டி முன்னாளிற் கசரோக வைத்தியசாலை ஒன்று இயங்கிற்று. கடற்காற்றும் ஓய்வும் நல்லுணவுமே அந்நோய்க்கு மருந்து என்று உலகெங்கும் கருதிய காலம் ஒன்றிருந்தது. அத்தகைய நிலையங்களிலே நோயாளியை ஒழுங்காக நிறுப்பர். எத்தனை இறாத்தல் ஏறிற்று என்பதே சுகத்தின் கணக்கு. ஆனால் 1956-இற் சென்னையில் நிறுவப்பட்ட கசரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஒரு சோதனை நடத்திற்று. நோயாளர் சிலரை வைத்தியசாலையிலும், சிலரை அவர்களுடைய ஏழை வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தை அளித்தது. வைத்தியசாலையில் இருந்தோர் நல்லுணவும் ஓய்வும் பெற்று மிகுதியாக எடை ஏறினர். வீட்டில் இருந்தோர் அவ்வளவு ஏறவில்லை. நோய் தீர்ந்ததோ இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில். 1959-இல் வெளிவந்த இம்முடிவு உலகின் கசரோகச் சிகிச்சை முறையையே மாற்றிற்று. எடை ஓர் அடையாளம், அதுவே சுகமன்று. தராசு சொல்வதைக் கேட்பதோடு, அது எதைச் சொல்லவில்லை என்பதையும் அறிதல் வேண்டும்.

முதியோர் திறத்தில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். வயது முதிர முதுகு வளைந்து உயரம் குறைகின்றது. ஆதலால் நிற்கும் உயரத்தை நம்பாது, விரித்த கைகளின் நீளத்தையோ முழங்கால் உயரத்தையோ அளந்து உண்மை உயரத்தைக் கணிப்பர். தசை கரைவதை அறியக் கெண்டைக்காலின் சுற்றளவைப் பார்ப்பர். மூப்பிலே காரணமின்றி எடை குறைவது இயல்பென்று விட்டுவிடத் தக்கதன்று. நடுவயதினர்க்கோ அபாயம் மறுபுறத்தில் உள்ளது. ஆசிய மக்களுக்கு மேனாட்டாரிலும் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதயநோயும் தோன்றுதலின், உடற்றிணிவுச் சுட்டி 23-ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் 2004-இல் எடுத்துரைத்தனர். கருவில் ஊட்டங் குன்றிச் சிறுத்துப் பிறந்தோர்க்கு முதுவயதில் இதயநோய் மிகுதி என்பதை இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் 1980-ஆம் ஆண்டுகளில் எடுத்துக்காட்டினார். ஆகவே கருப்பையும் முதுமையும் ஒரே கணக்கின் இரு ஓரங்கள்.

இக்கணக்கு மயிலிட்டியிலே இடையில் அறுபட்டது. 1990-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போரினால் ஊர் முழுவதும் வெளியேறிற்று. கரை உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மல்லாகம், சுன்னாகம் முதலிய இடங்களின் நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் அம்மக்கள் வாழ்ந்தனர். கடலே வயலாக இருந்தவர்க்குக் கடல் இல்லை. பங்கீட்டு அரிசியும் மாவும் பருப்பும் உண்டு. மீனும் நண்டும் இறாலும் ஒடியல் மாவும் பலாக்கொட்டையும் இலைக்கறியும் ஒரே பானையிற் கொதிக்கும் கூழ், அன்றாட உணவாயிருந்த நிலை மாறி, நினைவாயிற்று. இருபத்தேழு ஆண்டுகளின் பின், 2017 ஜூலையிலே, துறையும் அதனை அண்டிய நிலத்தில் ஒரு பகுதியும் மீளக் கிடைத்தன. 2019-இற் துறைமுகத்தின் முதற்கட்டப் புனரமைப்பும் நிறைவெய்திற்று. வெளியேறியபோது கைக்குழந்தையாயிருந்தவர், திரும்பியபோது தம் பிள்ளையின் கையைப் பிடித்து வந்தனர். முகாமிற் பிறந்து வளர்ந்தோரின் உயரம் முகாமிலேயே முடிந்துவிட்டது. நிலத்தை மீளப் பெறலாம். துறையையும் மீளக் கட்டலாம். மூன்று வயதிற் கிடைக்காத உணவை முப்பது வயதில் ஈடுசெய்ய முடியாது.

ஆயினும் நம்பிக்கைக்கும் அறிவியல் இடம் வைத்திருக்கின்றது. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளிலே, தாய்ப்பாலும் நல்லுணவும் நோய்த்தடுப்பும் குறைவறப் பெற்ற பிள்ளைகளை உலக சுகாதார நிறுவனம் அளந்தது. ஐந்து வயதுவரை அப்பிள்ளைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே வளர்ந்தனர். அதனடியாக 2006-இல் வெளிவந்த நியமமே இன்று உலகெங்கும் பிள்ளைகளின் வளர்ச்சிக்கு அளவுகோலாகும். டில்லிப் பிள்ளைக்கும் ஒஸ்லோப் பிள்ளைக்கும் தொடக்கத்திற் கோடு ஒன்றே. எனவே, தாய் தந்தையர் குட்டையராயினும், அவர்தம் பிள்ளையின் குறைவை விதியென்றும் குலமென்றும் கொண்டு வாளாவிருத்தற்கு நியாயமில்லை.

எண்சாண் என்னும் அளவு ஒவ்வொருவர்க்கும் அவரவர் கையிலேயே கிடைத்துவிடுகின்றது. அந்தச் சாண் எவ்வளவு நீளமாக வேண்டும் என்பதோ பிறர் கையில் உள்ளது. தாயின் உண்கலத்திலும், கரைக்கு வந்த மீன் எவர் வீட்டுக்குச் செல்கின்றது என்பதிலும், மாதந்தோறும் பிள்ளையின் அட்டையில் இடப்படும் ஒரு புள்ளியிலும் அது தீர்மானிக்கப்படுகின்றது. மீனை நிறுத்த ஊர் பிள்ளையையும் தவறாது நிறுக்குமாயின், மயிலிட்டியின் அடுத்த தலைமுறை தன் சாணைக் குறைவின்றிப் பெறும்.