மலாக்கா நாடாக்களில் உறங்கும் அரைப்படங்கள்

மலாயாவில் ரப்பர் விவசாயம் வியாபார முறையில் முதன்முதல் வேரூன்றியது மலாக்கா மண்ணில்தான். 1896-இல் தான் சாய் யான் என்னும் சீனப் பிரமுகர் புக்கிட் லிந்தாங்கில் ஆரம்பித்த அத்தொழில் புக்கிட் அசகானுக்கும் பிற இடங்களுக்கும் பரவ, பால்மரம் வெட்ட வந்த தமிழர் லயங்களில் வாழ்ந்து, மாரியம்மனுக்குக் கோவில் எழுப்பி, ஆண்டுதோறும் திருவிழா நடத்தினர். அந்தத் தோட்டங்களுட் பல இன்று செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்து மறைந்துவிட்டமையால், அக்காலத்துக் கலியாணங்களுக்கும் உற்சவங்களுக்கும் சாக்ஷியாக எஞ்சியிருப்பவற்றுள் வீடியோ நாடாக்கள் பிரதானமானவை.

அந்நாடாக்களின் சுபாவத்தை அறியத் தொலைக்காட்சியின் சரித்திரத்தை அறிய வேண்டும். அலைக்கற்றையின் அகலத்தைப் பெருக்காமலே திரையின் சிமிட்டலைக் குறைக்க விரும்பிய விஞ்ஞானிகள், ஒரு படத்தின் ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு முறையும் இரட்டைப்படைக் கோடுகளை மறுமுறையும், ஆக இரு அரைப்படங்களாக, அனுப்பும் உபாயத்தைக் கண்டனர். 1936-இல் லண்டனில் பி.பி.சி. 405 கோடுகளோடு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1963 டிசம்பர் 28-இல் கோலாலம்பூரில் தொடங்கிய மலேசியத் தொலைக்காட்சி 625 கோட்டு முறையைக் கைக்கொண்டது. 1978-இல் வர்ணம் வந்தபோதும், விநாடிக்கு 25 முழுப் படங்கள், அதாவது 50 அரைப்படங்கள், என்ற கணக்கு மாறவில்லை.

எண்பதுகளில் பரவிய வீடியோக் காமிராக்களும் இதே கிரமத்தையே பின்பற்றின. மலாக்காவின் தட்டார் தெருவில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோவிலிலிருந்து செங் சன்னாசிமலைக்கு மாசிமக ரதம் செல்வதை ஒருவர் அக்காலத்துக் காமிராவில் பிடித்திருப்பின், அந்நாடாவைக் கணினியில் ஓட்டி ஒரு படத்தில் நிறுத்திப் பார்க்கலாம்: அசையாத கோபுரம் தெளிவாகத் தெரியும், உறுமி மேளம் அடிப்பவனது குச்சியோ, இரு அரைப்படங்களுக்கிடையே ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழிந்துவிட்டதால், ஓரமெல்லாம் சீப்புப் பல்லாய்ப் பிளந்து நிற்கும்.

இக்குறையை நீக்க முற்படுவோர் பலர் ஒரு பாதிக் கோடுகளை அடியோடு எறிந்துவிடுகின்றனர். அதனால் சீப்புப் பல் மறையும், அசைவில் பாதியும் கூடவே தொலையும். ஒவ்வோர் அரைப்படத்தையும் முழுப் படமாக நிரப்பி, விநாடிக்கு 50 படங்களாக்குவதே உத்தம மார்க்கம். படத்தின் அளவைச் சிறிதாக்குவதோ பெரிதாக்குவதோ இதற்குப் பின்னரே செய்யத்தக்கது. அதற்கும் முன்னதாக, எந்த அரைப்படம் முந்தியது என்பதை நிச்சயிக்க வேண்டும்: டிஜிட்டல் வீடியோ (DV) நாடாவில் இரட்டைப்படையான கீழ்க்கோடுகள் முந்தும், பழைய வி.எச்.எஸ். நாடாவைக் கணினியில் ஏற்றும் கருவிகளுட் பலவற்றில் ஒற்றைப்படையான மேற்கோடுகள் முந்தும். வரிசை பிறழ்ந்தால் ரதம் முன்னும் பின்னுமாய்த் துள்ளும். தொலைக்காட்சியில் வந்த தமிழ்த் திரைப்படத்தைப் பதிந்த நாடா இதற்கு விலக்கு. விநாடிக்கு 24 படங்களான பிலிமைச் சற்றே வேகமாக 25 படங்களாக ஓட்டியபோது, இரு அரைப்படங்களும் பெரும்பாலும் ஒரே பிம்பத்திலிருந்தே பிறந்தனவாகையால், அவற்றை இணைத்தாலே போதும்.

2019-இல் நாடெங்கும் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. நாடாவை ஓட்டும் யந்திரங்களும் அருகி வருகின்றன. ஆகவே தோட்டத்து நாடாக்களை வைத்திருப்போர், அரைப்படங்களைக் கலைக்காமல் உள்ளது உள்ளபடியே ஒரு மூலப்பிரதி எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, திருத்தங்களை மற்றொரு பிரதியில் மட்டுமே செய்வார்களாக.