அம்பாசிடர் சோபாவிலிருந்து தூத்துக்குடி டச்ஸ்கிரீன் வரை



பி.காம் படிக்கிறவன் காரைப் பற்றி எழுதலாமா என்று கேட்காதீர்கள். கார் வாங்க வசதி இல்லாதவன்தான் காரைப் பற்றி அதிகம் பேசுவான். எங்கள் வீட்டில் அது பரம்பரை வழக்கம். :)

பொங்கல் லீவில் ராதாபுரம் வீட்டுத் திண்ணையில் ஒரு பெரிய சண்டை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கும் பெரிய அண்ணன் வந்திருந்தான். தூத்துக்குடியில் புதிதாகத் தயாராகும் வின்ஃபாஸ்ட் காரின் உள்பக்கத்தை செல்போனில் காட்டி, "பாருங்கப்பா, மீட்டரே கிடையாது, எல்லாம் ஒரே ஸ்கிரீன்" என்றான். சின்ன அண்ணன், "டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்தாத்தான் பிளாஸ்டிக் தரம் தெரியும், வீடியோவை நம்பாத" என்றான். அடுத்து எந்த மாடல் வரும், வியட்நாமில் விற்கிற குட்டிக் கார் விஎஃப் 3 இங்கேயும் வருமா, ஏழு பேர் உட்காரும் வண்டி என்ன விலையில் இருக்கும் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது.

பெரியப்பா வள்ளியூரில் முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டியவர். அம்பாசிடரில் தொடங்கியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தக் கேள்விக்கு பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

தேர்வு இல்லாத காலம்

கார் வியாபாரம் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. வள்ளியூருக்கு அடுத்து மலையடிவாரத்தில் இருக்கிற திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர்தான் டி.வி.சுந்தரம் அய்யங்கார். மதுரையில் பஸ் கம்பெனி தொடங்கி, பிறகு அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்று, டி.வி.எஸ் என்கிற பெரிய நிறுவனத்தை உருவாக்கியவர். அந்தக் காலத்தில் கார் வாங்கியவர்கள் ஜமீன்தார்கள், மில் முதலாளிகள், டாக்டர்கள். ஆனால் வாங்க முடிந்தவருக்குப் பல கம்பெனிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு முழு வண்டியாக இறக்குமதி செய்வது நின்றது. உதிரி பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றால் மட்டும் போதாது, பாகங்களையும் படிப்படியாக இங்கேயே செய்ய வேண்டும் என்று 1953-ல் அரசு சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கார் தயாரிப்பில் முக்கியமாக மூன்று பேர் மிஞ்சினார்கள்: கல்கத்தா பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம்ம சென்னையில் ஸ்டாண்டர்டு.

இதில் நாங்கள் பாடத்தில் படிக்கிற சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. 1951-ஆம் வருட தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டப்படி எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். 1959-ல் வந்த உத்தரவுப்படி காரை யாருக்கு, எந்த வரிசையில் விற்பது என்பதற்கும் கட்டுப்பாடு. 1969-ல் விலைக்கும் கட்டுப்பாடு. 1980 வாக்கில்கூட நாடு முழுவதும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 30,000 கார்கள்தான் தயாராயின. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இப்போது கம்பெனிக்காரர் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். விலையை நினைத்தபடி ஏற்ற முடியாது. ஆனால் எப்படிச் செய்தாலும் வாங்க ஆள் கியூவில் நிற்கிறான். அப்போது நல்ல சீட்டுத் துணிக்கும், சத்தம் போடாத கதவுக்கும் யாராவது செலவு செய்வார்களா? கார்களின் தரம் பற்றிப் புகார்கள் குவிந்து, 1960-களின் பிற்பகுதியில் மத்திய அரசே அதை விசாரிக்க ஒரு குழு போட வேண்டி வந்தது. ஆனால் கியூ அப்படியே இருந்தது. அதனால் காரும் பெரிதாக மாறவில்லை.

அம்பாசிடரின் கதையும் இதுதான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற காரை அடிப்படையாக வைத்து 1950-களின் கடைசியில் வந்தது. உருவம் பெரிதாக மாறாமலே 2014 வரை தயாரானது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்னால் சோபா மாதிரி ஒரே நீள சீட்டு, ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர், அதனால் முன்னாலேயே மூன்று பேர் உட்காரலாம். "உவரி கோயிலுக்கு ஒரு குடும்பத்தையே ஏத்திட்டுப் போவேன்" என்று பெரியப்பா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். உள்பக்கத் தரம் என்றால் அவருக்கு முதலில் இடம்தான்.

பெருங்களத்தூரில் ஒரு கனவு

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் தொடங்கிய நிறுவனம். தொழிற்சாலை சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில். முதலில் வேன்கார்டு, 1961-ல் ஹெரால்டு, 1972-ல் கெசல் என்று வந்தன. ஹெரால்டின் வடிவத்தை வரைந்தவர் மிக்கலோட்டி என்கிற இத்தாலியர். 1977-ல் கெசலும் நின்றுவிட, நிறுவனம் சில வருடங்கள் வேன் மாதிரியான சரக்கு வண்டிகளோடு காலம் தள்ளியது.

1985-ல் திரும்பவும் காருக்கு வந்தார்கள். ஸ்டாண்டர்டு 2000. இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடம்பு. அந்த ரோவர் 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதை வாங்கியது. பார்க்கிறவர் அசந்து போகும் அழகு.

இதன் உள்பக்கத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. ரோவரின் டேஷ்போர்டு இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும். மீட்டர்கள் இருக்கும் பெட்டி தனியாக மேலே உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங் வலப்பக்கம் வேண்டும் என்றால் பெட்டியை வலப்பக்கம் வைக்கலாம், இடப்பக்கம் வேண்டும் என்றால் இடப்பக்கம். எந்தப் பக்கம் ஸ்டீயரிங் இல்லையோ, அந்தப் பக்கத்து ஓட்டை காற்று வரும் வழியாகிவிடும். இரண்டு அச்சு செய்யும் செலவு மிச்சம்! வாங்குகிறவருக்கு அது புது ஸ்டைல், கம்பெனிக்கு அது செலவுக் குறைப்பு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

ஆனால் சென்னையில் செய்த காரின் பானெட்டுக்குள் இருந்தது பழைய வேன்கார்டு வம்சத்து 1991 சி.சி. இன்ஜின். பெரிய உடம்பு, பழைய இதயம். பெட்ரோல் குடித்தது. அதற்குள் சந்தையும் மாறியிருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. சின்ன கார்தான், ஆனால் சொன்னதைச் செய்தது. 1988-ல் ஸ்டாண்டர்டு 2000 நின்றது. சென்னையின் முதல் பெரிய கார் கம்பெனி அத்தோடு முடிந்தது.

பக்கத்துக் கடை திறந்தது

1991-ல் பொருளாதாரக் கொள்கை மாறியது. 1993-ல் கார் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லை என்றானது. 1996-ல் ஹூண்டாய் இந்தியாவுக்கு வந்து, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை கட்டியது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வந்தது. அதே வருஷக் கடைசியில் டாட்டா இண்டிகா. 1999-ல் மறைமலைநகரில் இருந்து ஃபோர்டு ஐகான்.

இண்டிகாவுக்கு ரத்தன் டாட்டா வைத்த இலக்கு என்ன தெரியுமா? அம்பாசிடர் அளவுக்கு உள்ளே இடம், மாருதி ஜென் அளவுக்கு வெளியே உருவம், மாருதி 800-க்குப் பக்கத்தில் விலை, டீசல் செலவு. நம் ஊர் குடும்பம் காரில் எப்படி உட்காரும் என்று ஒரு கம்பெனி யோசித்ததற்கு இது நல்ல உதாரணம். சான்ட்ரோவும் அப்படித்தான். உயரமான கூரை, குனியாமல் ஏறி உட்காரலாம். வேட்டி கட்டியவருக்கும் சேலை கட்டியவருக்கும் அது எவ்வளவு சௌகரியம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சீட்டு, ஏசி, பிளாஸ்டிக், கப் வைக்கும் குழி என்று ஜனங்கள் ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தது பரவலானது அப்போதுதான். அரசு குழு போட்டும் வராத தரம், பக்கத்திலேயே இன்னொரு கடை திறந்ததும் வந்துவிட்டது! 'நுகர்வோரே அரசன்' என்று பாடப் புத்தகத்தில் சும்மா போட்டிருக்கிறார்கள். இரண்டு கடையாவது இருந்தால்தான் அவன் அரசன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கைக்குத் தெரிகிற தரம் வேறு, கண்ணுக்குத் தெரியாத தரம் வேறு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மோதவிட்டுப் பார்த்தது. ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம் ஸ்டார். ஷோரூமில் கதவைத் தட்டிப் பார்த்த யாருக்கும் இது தெரிந்திருக்காது. பாரத் என்கேப் என்று நம் நாட்டுக்கே சொந்தமாக ஒரு சோதனை முறை வர 2023 அக்டோபர் ஆனது.

இப்போது தூத்துக்குடி

இவ்வளவு நாளும் தமிழ்நாட்டில் கார் தொழிற்சாலை என்றால் சென்னையும் சுற்றுப்புறமும்தான். எங்கள் ஊர்ப் பையன்கள் ஐ.டி.ஐ முடித்துவிட்டு வள்ளியூரில் ரயில் ஏறிவிடுவார்கள். 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்டுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி தொழிற்சாலை திறந்தது. சுமார் 400 ஏக்கர். தொடக்கத்தில் வருஷத்துக்கு 50,000 கார்கள் செய்யும் திறன். மேலே சொன்ன 30,000 கணக்கைத் திரும்பப் பாருங்கள். 1980-ல் இந்தியா முழுவதும் செய்ததைவிட அதிகமாக தூத்துக்குடியில் ஒரே தொழிற்சாலை செய்ய முடியும்!

2025 செப்டம்பரில் விஎஃப் 6, விஎஃப் 7 என்ற இரண்டு எலெக்ட்ரிக் கார்கள் விற்பனைக்கு வந்தன. தொடக்க விலை முறையே 16.49 லட்சம், 20.89 லட்சம் ரூபாய். உள்ளே 12.9 அங்குலத் திரை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தனி மீட்டர் பெட்டி இல்லை. கியருக்கு பட்டன்கள்.

என் அண்ணன் இதைப் பார்த்துத்தான் அசந்துபோனான். எனக்கோ ரோவரின் மீட்டர் பெட்டி ஞாபகம் வந்தது. பட்டன்களையும் மீட்டரையும் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரு திரைக்குள் போட்டால் அச்சு மிச்சம், ஒயர் மிச்சம், பூட்டும் நேரம் மிச்சம். இந்தக் கம்பெனி மட்டுமல்ல, உலகம் முழுக்க எலெக்ட்ரிக் கார்கள் பலவும் இப்படித்தான் வருகின்றன. நாற்பது வருஷ இடைவெளியில் தமிழ்நாட்டில் செய்த இரண்டு கார்கள், இரண்டிலும் ஸ்டைலும் சிக்கனமும் ஒரே இடத்தில். அது தப்பில்லை. ஆனால் வாங்குகிறவர் அது இரண்டும்தான் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷமும் உண்டு. எலெக்ட்ரிக் காருக்குக் கரண்ட் வேண்டும். கூடங்குளம் எங்கள் ராதாபுரம் தாலுகாதான். ஆளுக்கு 1000 மெகாவாட்டில் இரண்டு உலைகள் அங்கே ஓடுகின்றன. சுற்றிலும் காற்றாலைகள். கரண்டும் நம்ம பக்கம், காரும் நம்ம பக்கம். வேலையும் நம்ம பக்கம் நிலைத்தால் நன்றாக இருக்கும்.

பெரியப்பாவின் கேள்வி

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்:

"ஏடே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்தக் கம்பெனி பத்து வருசம் கழிச்சு இங்க இருக்குமா?"

அவர் சும்மா கேட்கவில்லை. சேர்த்து வைத்த பணத்தில் கடைசியாக ஒரு வண்டி எடுத்து, கன்னியாகுமரிக்கும் திருச்செந்தூருக்கும் சவாரி ஓட்டலாம் என்று நினைக்கிறார். திரும்ப ஒருமுறை வாங்க அவரிடம் பணமும் இருக்காது, வயதும் இருக்காது.

வரலாறு என்ன சொல்கிறது? ஸ்டாண்டர்டு போனது. ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டாம் முறை வந்து 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, 2021 செப்டம்பரில் இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசி கார் வெளியே வந்தது. அந்தக் கார்களின் உள்பக்கம் மோசம் என்று யாரும் சொல்லவில்லை. ஐகானையும் எக்கோஸ்போர்ட்டையும் இன்றைக்கும் ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. நல்ல கார் செய்தும் கம்பெனி போனது.

வின்ஃபாஸ்ட் 2017-ல்தான் பிறந்த நிறுவனம். 2024-ஆம் வருடத்தில் மட்டும் அதன் நஷ்டம் சுமார் 300 கோடி டாலர். மறுபக்கம், ஹூண்டாயும் ஒரு காலத்தில் இங்கே யாருக்கும் தெரியாத பெயர்தான். கால் நூற்றாண்டுக்கு மேல் நின்று காட்டிவிட்டது. அதனால் பெரியப்பாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ நான் சொல்லவில்லை. ஷோரூமுக்குப் போனால் டேஷ்போர்டைத் தட்டிப் பார்ப்பதோடு இன்னும் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பேட்டரிக்கு எத்தனை வருஷம் வாரண்டி, டாக்ஸியாக ஓட்டினாலும் அது செல்லுமா? சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில்? கதவு, கண்ணாடி, திரை உடைந்தால் பாகம் எங்கிருந்து வரும், எத்தனை நாளில்? மோதல் சோதனையில் எத்தனை ஸ்டார்?

பேப்பரை மடித்து பனியன் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார், "முன் சீட்டுல மூணு பேரு உக்காரலாமாடே?"

முடியாது பெரியப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

உங்கள் வீட்டில் அம்பாசிடரோ, ஹெரால்டோ, முதல் சான்ட்ரோவோ இருந்திருந்தால் அதற்குள் உட்கார்ந்த ஞாபகத்தைச் சொல்லுங்கள். பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்!