எந்தப் பெயரில் தேடுவது

2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வந்தவர்கள். அவர்கள் பூட்டி முடித்து அனுப்பிய கைபேசியைத் திறந்தால் மெனுவில் தொடர்புகள் இருக்கும், நாட்காட்டி இருக்கும், குறிப்புகள் இருக்கும், நினைவூட்டும் மணி இருக்கும். ஒருவருடைய சொந்தத் தகவல்களைச் சேர்த்துவைத்து வேண்டும்போது எடுத்துக்கொடுக்கும் மென்பொருள் என்று கணினித்துறை எதைச் சொல்கிறதோ, அதன் மிக எளிய, மிக மலிவான வடிவம் அதுதான். பல கோடிப் பேருடைய ஞாபகத்துக்கு அந்தப் பெண்கள் பெட்டி செய்து கொடுத்தார்கள். அவர்களுடைய சொந்தத் தகவல்கள் எங்கே போயின, தொலைந்தபோது எப்படித் தேடினார்கள் என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

இந்த மென்பொருளின் வரலாறு வழக்கமாக ஒரு மேசையிலிருந்து தொடங்கும். 1945 ஜூலையில் அமெரிக்காவின் 'அட்லாண்டிக்' இதழில் வனேவர் புஷ் என்னும் பொறியாளர் 'மெமெக்ஸ்' என்ற கற்பனை இயந்திரத்தைப் பற்றி எழுதினார். ஒரு மனிதர் தன் புத்தகங்களையும் கடிதங்களையும் நுண்படங்களாக மேசைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தேடுவார். கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதிலேயே, சொல்லச் சொல்ல விசைப்பலகையில் தட்டிக்கொண்டு சோம்பலாக அறையைச் சுற்றிப் பார்க்கும் ஒரு பெண்ணும், துளையிடும் கருவிகளோடு அறை நிறைய உட்கார்ந்திருக்கும் பெண்களும் வருகிறார்கள். அவர்களை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அந்த மனிதரின் மேசையில் காகிதம் காணாமல் போனால் அதுவரை தேடிக்கொடுத்தவள் அந்தப் பெண்தான்.

1983இல் தாமஸ் மலோன், அலுவலக ஊழியர்கள் தங்கள் மேசைகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதினார். காகிதத்தைக் குவித்துவைப்பது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, கண்ணில் படும்படி வைப்பது நினைவூட்டுவதற்காகவும்தான் என்பது அவர் கண்டது. அரிசிப் பானையின் மேல் கரண்ட் பில்லை வைக்கும் எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். 1988இல் லோட்டஸ் நிறுவனத்தின் 'அஜெண்டா' வந்தது. மனத்தில் தோன்றியதை முதலில் எழுதிவிடு, எந்தப் பிரிவில் சேரும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது. இந்த வகை மென்பொருள்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு குறிப்பை ஒரு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் அது அழிவதில்லை. கோப்புக்குள் எங்கோ இருக்கும். ஆனால் எந்தப் பட்டியலிலும் வராததால் யார் கண்ணுக்கும் தெரியாது. அதில் என்ன எழுதியிருந்தோம் என்று ஒரு சொல்லாவது நினைவிருந்தால்தான் தேடி எடுக்க முடியும். இந்த ஒரு செய்தியை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மேசை மனிதர்களை இங்கேயே விட்டுவிடலாம்.

சிம் அட்டையில் ஒரு தொடர்புக்குப் பெயர், எண் என்ற இரண்டுதான் அடிப்படை இடம். முகவரிக்கோ ஊருக்கோ பிறந்த நாளுக்கோ இடமில்லை. பெயருக்கும் சில எழுத்துகள்தாம். தமிழில் எழுதினால் இன்னும் குறையும். ஆங்கில எழுத்தில் 160 எழுத்துகள் போகும் குறுஞ்செய்தியில் தமிழ் 70 எழுத்துகளோடு முடிந்துபோனதற்கும் இதே காரணம்தான். தமிழ் எழுத்து ஒன்றுக்குப் பதினாறு பிட் தேவைப்பட்டது. எனவே பெண்கள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினார்கள். செல்வியை எஸ் போட்டு எழுதுவதா, சி-ஹெச் போட்டா? தமிழ்ச்செல்வி டி-யிலா, டி-ஹெச்-சிலா? அந்தக் கைபேசிகளில் முதல் எழுத்தைத் தட்டித்தான் பெயரைப் பிடிக்க வேண்டும். எப்படி எழுதிவைத்தோம் என்பது மறந்தால், ஆள் உள்ளேதான் இருப்பாள், ஆனால் அகப்படமாட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஆலை வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்களின் பழைய கைபேசிகளைப் பார்த்திருக்கிறேன். என் மாணவிகளின் அக்காமார்கள், சித்திமார்கள். அவற்றில் 'லைன் 4 லட்சுமி' இருப்பாள், 'பஸ் கவிதா', 'ஹாஸ்டல் வார்டன்', 'செய்யாறு சுதா', 'கேன்டீன் அக்கா' இருப்பார்கள். ஒரே கைபேசியில் ஐந்து லட்சுமிகள். அப்பா பெயரின் முதலெழுத்து யாருக்கும் தெரியாது, தேவையும் படவில்லை. எங்கே நின்றாள், எந்தப் பஸ்ஸில் ஏறினாள் என்பதே பெயராயிற்று.

தமிழ் படித்தவளுக்கு இது புதிதல்ல. சங்கத் தொகையில் பெயர் தெரிந்த புலவர்கள் 473 பேர் என்பது வழக்கமான கணக்கு. பெயரில்லாத பாடல்கள் 102. தொகுத்தவர்கள் கையில் பாடல் இருந்து பெயர் இல்லாதபோது, பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். நச்செள்ளையாருக்குச் சொந்தப் பெயர் இருந்தும் காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் என்ற அடையாளம் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. உள்ளே இருக்கும் சொல்லைக் கொண்டு தேடும் ஏற்பாடு இது. பாடல்களைக் காப்பாற்றியது. ஆனால் அந்தப் பெயர்களில் எத்தனை பேர் பெண்கள் என்பதை அதனால் சொல்ல முடியவில்லை. சங்கப் பெண்பாற் புலவர்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு ஆராய்ச்சியாளரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வது இதனால்தான். 'பஸ் கவிதா'வைப் பஸ் நின்ற பிறகு எப்படித் தேடுவது என்பதும் ஏறத்தாழ இதே சிக்கல்.

பிறகு தமிழிலேயே எழுதும் கைபேசிகள் வந்தன. சிக்கல் தீர்ந்ததா? கௌசல்யா என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். 'கௌ' என்பது க-வோடு ஔகாரக் குறி சேர்ந்தது. ஆனால் பலர் 'கெ' எழுதிப் பக்கத்தில் 'ள' எழுதிவிடுகிறார்கள். திரையில் பார்த்தால் பெரும்பாலான எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. இயந்திரத்துக்கு அது 'கெள', வேறு சொல். ஒருத்தி கோ வரிசைக்குப் பின்னால் நிற்பாள், இன்னொருத்தி கெ வரிசையில் நிற்பாள். 'கொ'வுக்கும் இதுபோல் ஒன்று உண்டு. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்படி மென்பொருளை எழுதாவிட்டால், கண்ணுக்கு முன்னால் பெயர் இருக்கும்போதே 'எதுவும் கிடைக்கவில்லை' என்று சொல்லும். வெளியில் ஒன்றுபோல் இருந்த இரண்டு சிலம்புகளில் ஒன்றை உடைத்துப் பார்த்தபோதுதானே ஒன்றில் முத்தும் இன்னொன்றில் மாணிக்கமும் என்று தெரிந்தது. (அந்த வழக்கிலும் தேடிப்பார்க்காமலே தீர்ப்பு வந்துவிட்டது.) தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். அதற்கு முன்பு டாம், டாப், டிஸ்கி, பாமினி என்று ஒவ்வொரு முறையிலும் தட்டச்சு செய்தவை இன்றைய தேடுபொறிக்கு வெறும் கிறுக்கல்.

தோழியின் எண் கிடைக்காமல் போவது வருத்தம்தான். சம்பளத்தில் பிடித்த பணம் கிடைக்காமல் போவது வேறு.

நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றது. வரித்தகராறில் சொத்துகள் முடக்கப்பட்டிருந்ததால், அந்த ஆண்டு ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை வெளியே நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறினார்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு! அதே டிசம்பரில் பக்கத்து ஃபாக்ஸ்கான் பிரிவும் மூடியது. தற்செயலாக அதே மாதங்களில்தான், 2014 அக்டோபரில், வருங்கால வைப்புநிதி நிறுவனம் யுஏஎன் என்ற ஒற்றைக் கணக்கு எண்ணைக் கொண்டுவந்தது. அதுவரை ஆலைக்கு ஆலை வேறு எண். ஒப்பந்தக்காரர் மாறினால் மீண்டும் வேறு எண். சுங்குவார்சத்திரத்தில் ஒன்றரை ஆண்டு, ஒரகடத்தில் எட்டு மாதம், இருங்காட்டுக்கோட்டையில் ஓராண்டு என்று வேலை செய்த பெண்ணுக்கு மூன்று கணக்குகள் இருக்கும். ஒன்றுக்கொன்று உறவில்லாமல், ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் ரூபாய்.

ஆண்களுக்கும் இதே நிலைதானே என்று கேட்கலாம். பணம் தொலையும் இடம் ஒன்றுதான், திரும்பிப் போகும் வழி ஒன்றல்ல. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து, ஆதாரில் கல்யாணத்துக்குப் பின் மாற்றிய கணவர் பெயர், வைப்புநிதிக் கணக்கில் ஒப்பந்தக்காரரின் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கிலப் பெயர் என்று ஒரே பெண் மூன்று ஆளாக இருப்பாள். வைப்புநிதித் திட்டமே இதை எதிர்பார்த்திருந்தது என்பது வேடிக்கை. வேலையை விட்டவர் பணத்தை எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியில், கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கு மட்டும் நெடுங்காலம் விலக்கு இருந்தது. அவள் போவாள் என்று விதிக்குத் தெரியும். போனபின் என்ன பெயரில் இருப்பாள் என்றுதான் கணக்குக்குத் தெரியாது. பத்தாண்டுப் பணி இருந்தால்தான் ஓய்வூதியம் என்பதால், துண்டு துண்டான கணக்குகளை ஒன்றாகச் சேர்க்காமல் விட்டால் உழைத்த ஆண்டுகளும் சேர்ந்தே தொலையும்.

போன வருடம் என் மாணவி ஒருத்தி தன் சித்தியைக் கூட்டிவந்தாள். உதிரிபாக ஆலை ஒன்றில் நான்கு ஆண்டுகள் நின்றபடி வேலை செய்தவர். இப்போது வந்தவாசிப் பக்கம் இரண்டு குழந்தைகளோடு இருக்கிறார். தளத்தில் நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி அன்றைய எண்ணுக்குப் போகிறது.

"அந்த நம்பர் இப்ப யார்கிட்டயோ இருக்கு மேடம். போட்டா ஒரு ஆம்பள எடுக்கறாரு. ரெண்டு தடவ கேட்டதுக்குத் திட்டிட்டாரு" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவருக்குத் தனிக் கைபேசி இல்லை. முன்பணச் சிம் 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண் போய்விடும், பிறகு வேறொருவருக்குத் தரப்படும். எண் தொலைந்ததில் 'லைன்' தோழிகளும் தொலைந்தார்கள், பணத்தின் சாவியும் தொலைந்தது. ஆதாரில் இருப்பது கணவரின் எண். அவர் வேலையிலிருந்து வந்தால்தான் ஓடிபி.

அவரிடம் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி. கல்யாணப் புடவைக்கு அடியில் ஐடி கார்டின் கழுத்துநாடா, மங்கிப்போன இரண்டு சம்பளச் சீட்டு, விடுதியில் ஏலச்சீட்டுக் கணக்கு எழுதிய அரைப் பரீட்சை நோட்டு. மற்ற காகிதங்களை வீடு மாறும்போது மாமியார் பழைய பேப்பரோடு போட்டுவிட்டாராம். சம்பளச் சீட்டில் கணக்கு எண் இருந்தது. கடைசி இரண்டு இலக்கங்கள் மடிப்பில் தேய்ந்திருந்தன. நோட்டில் சீட்டுக்காரிகளின் பெயர் வரிசையில் ஒரு தோழியின் அம்மா வீட்டு எண் இருந்தது. அந்த அம்மா வழியாக அந்தத் தோழி அகப்பட்டாள். அவளிடம் அதே மாதத்து, அதே ஒப்பந்தக்காரரின் சம்பளச் சீட்டு முழுசாக இருந்தது. ஒரே நாளில் சேர்ந்தவர்கள் என்பதால் இருவர் எண்களும் அடுத்தடுத்தவை. எந்த மென்பொருளும் செய்யாத தேடல் இது.

தேடித் தரும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி 2021 டிசம்பரில் நெடுஞ்சாலைக்கே வந்தது. பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டோருக்கு உணவு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அறைத்தோழிகள் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்றே மற்றவர்களுக்குத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. டிசம்பர் 17 இரவு தொடங்கிச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானது மிக எளிமையானது: எங்களோடு இருந்தவர்களைக் காட்டுங்கள். மாவட்ட நிர்வாகம் காணொளி அழைப்பில் ஆளைக் காட்டிய பிறகுதான் வதந்தி அடங்கியது. வதந்தி பரப்பினார்கள் என்று அன்று பலர் அந்தப் பெண்களைக் கடிந்தார்கள். எனக்கு அது வேறாகத் தெரிகிறது. ஆயிரக்கணக்கான பெண்களை ஒப்பந்தக்காரர்கள் வழியாக எடுத்து, பல விடுதிகளில் பிரித்து வைத்துவிட்டு, இன்று யார் எங்கே என்று கேட்டால் உடனே சொல்லக்கூடிய பட்டியல் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவில்லை. தேடியும் கிடைக்காதவளை இறந்தவள் என்று நினைத்ததில் என்ன வியப்பு?

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண்கள் விடுதி திறக்கப்பட்டது. கட்டில் இருக்கிறது, எண் இருக்கிறது. இப்போதைய பெண்கள் வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். ஆதார், சம்பளச் சீட்டு, ஐடி கார்டு எல்லாம் படமாக அங்கே கிடக்கின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடலில் வராமல் போகலாம், கீழே ஒரு சொல்லாவது தட்டிவையுங்கள் என்று வகுப்பில் சொல்கிறேன். பிஎஃப் என்றோ, பணம் என்றோ, எதுவானாலும் நீங்கள் பிறகு தேடப்போகும் சொல்லாக. யுஏஎன் எண்ணை அம்மாவின் நோட்டிலும் எழுதச் சொல்கிறேன்.

சித்தியின் கணக்கு கிடைத்துவிட்டது. பெயரில் ஓர் எழுத்து அதிகம், பிறந்த தேதியில் மாதம் வேறு. திருத்தக் கூட்டு உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். அதில் அவரோடு முதலாளியும் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தக்காரரின் அலுவலகம் இருந்த மாடியில் இப்போது ஒரு பிரியாணிக் கடை இருக்கிறது. நிறுவனம் மூடியிருந்தால் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் போன்றோரின் சான்றொப்பம் போதும். ஆனால் மூடியதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்கள். அதைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.