ஒரு முகம், பல கைகள்

'பி.காம் படிக்கிறவனுக்கு கார்ட்டூன் எதுக்குடா?' என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு முன்கூட்டியே ஒரு பதில்: இந்தக் கட்டுரையில் வரும் முக்கியமான ஆளான ராம் மோகன் கல்லூரியில் படித்தது வேதியியல்! சரி, விஷயத்துக்கு வருவோம்.

கையால் வரையும் அனிமேஷனில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு ஓட்டினாலும் நொடிக்கு 12 படம், நிமிடத்துக்கு 720. ஒருவரே வரைவது நடக்கிற காரியமில்லை. பத்துப் பேர் வரைந்தால் பத்து விதமான மூக்கு வரும். இதைச் சமாளிக்க 1930களில் டிஸ்னி ஸ்டுடியோ 'மாடல் ஷீட்' முறையைப் பெரிய அளவில் கையாண்டது. பாத்திரம் முன்னாலிருந்து எப்படி, பக்கவாட்டில் எப்படி, உடம்பு எத்தனை தலை உயரம், கோபம் வந்தால் புருவம் எங்கே போகும் எல்லாம் அந்தத் தாளில் இருக்கும்.

அப்படியும் ஆளுக்கு ஆள் மாறத்தான் செய்தது. 1937இல் வந்த 'ஸ்னோ ஒயிட்' படத்தில் அந்தப் பெண்ணை ஹாமில்டன் லஸ்க் குழந்தைத்தனமாக வரைந்தார். பெட்டி பூப்பை உருவாக்கிய கிரிம் நாட்விக்கோ கொஞ்சம் வளர்ந்த பெண்ணாக வரைந்தார். இரண்டு பேரும் ஒரே பெண்தான் என்று நாம் நம்புகிறோம்!

மிக்கி மவுஸின் காது இன்னும் வேடிக்கை. முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் காது இரண்டும் முழு வட்டமாகவே இருக்கும். நிஜத்தில் அது சாத்தியமில்லை. 1941 வாக்கில் சில படங்களில் காதைப் பர்ஸ்பெக்டிவ்படி 'சரியாக' வரைந்து பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை, மறுபடி வட்டத்துக்கே வந்துவிட்டார்கள். ஆக, ஒரு பாத்திரம் மாறாமல் இருப்பது என்றால் எல்லாக் கோடும் மாறாமல் இருப்பது அல்ல. எதை விடக்கூடாது, எதை விடலாம் என்று முடிவு செய்வதுதான்.

இது நம்ம ஊர்க்காரர்களுக்குப் புதிதா என்ன? விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த ஊரில் துரியோதனன் கட்டியவர் ஒல்லி, அடுத்த ஊரில் கட்டியவர் குண்டு. குரலும் வேறு. ஆனால் கிரீடமும் புஜக்கட்டையும் முகத்தில் எழுதிய மையும் அந்த அடவும் இருந்தால் போதும், திரையை விலக்கியதும் கூட்டத்துக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இந்தியாவுக்கு டிஸ்னி முறை வந்தது 1956இல். இந்தியாவில் பிறந்த மிஷனரி மகன் கிளேர் வீக்ஸ், 'பாம்பி', 'பீட்டர் பேன்' படங்களில் வேலை பார்த்தவர், பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். அங்கே சேர்ந்த இளைஞர்களில் ஒருவர்தான் ராம் மோகன். 1957இல் 'தி பேன்யன் டீர்' என்று ஒரு ஜாதகக் கதையை எடுத்தார்கள். அமெரிக்க முறையில் புத்தர் கதை!

பெரிய சோதனை பிறகு வந்தது. ஜப்பானியரான யூகோ சாகோ இராமாயணத்தை அனிமேஷனாக எடுக்கக் கிளம்பியபோது இங்கே எதிர்ப்பு எழுந்தது. ராமரைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று கோபம். ராம் மோகனும் கோய்ச்சி சசாகியும் அவரோடு சேர்ந்து இயக்க, 1992இல் படம் முடிந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் செல்கள். வரைந்தவர்களில் பெரும்பாலோர் ஜப்பானியர்கள். முகத்துக்கு மாடல் ஷீட் போதும். ஆனால் வேட்டி மடிப்பு நடக்கும்போது எப்படி விழும், நாம் எப்படிக் கும்பிடுவோம் என்பதை இந்தியத் தரப்பு சொல்லித்தர வேண்டியிருந்தது. சீதையின் கண்ணில் கொஞ்சம் ஜப்பான் வாடை அடிக்கிறது என்பது என் எண்ணம். இருந்தாலும் நடையும் உட்காரும் விதமும் நம்முடையவை, அதனால் உறுத்தவில்லை. 2025 ஜனவரியில் 4கே தரத்தில் தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. பார்க்காதவர்கள் பார்க்கலாம்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் 2014இல் வந்த 'கோச்சடையான்'. (தலைவர் ரசிகர்கள் மன்னிக்க, நானும் ரசிகன்தான்.) 1989இல் 'ராஜா சின்ன ரோஜா' பாட்டில் கார்ட்டூன் மிருகங்களோடு நிஜ ரஜினி ஆடினார். 25 வருடம் கழித்து ரஜினியே கம்ப்யூட்டர் பொம்மை ஆனார். மோஷன் கேப்சரில் உடம்பின் அசைவையே பதிவு செய்கிறார்கள், ஆகவே கைக்குக் கை மாறும் பிரச்சினையே கிடையாது. மூக்கு, தாடை, மீசை எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனாலும் பொம்மை மாதிரி இருக்கிறது என்றுதான் பலரும் சொன்னார்கள். ரஜினியை நாம் அடையாளம் காண்பது தாடையை வைத்து அல்ல, அந்த வேகத்தை வைத்து. சட்டென்று திரும்புவார், முடியைக் கோதுவார், பாதி வசனத்தில் சிரிப்பார். வேகம் குறைந்தபோது, முகம் அப்படியே இருந்தும் ஆள் வேறாகிவிட்டார். அதே படத்தில் 2009இல் மறைந்த நாகேஷையும் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு நொடி சும்மா நிற்காத உடம்பு அவருடையது. அவரைத்தான் முதலில் கையால் வரைந்து பார்த்திருக்க வேண்டும்!