பதிவேட்டில் எழுத முடியாத பெயர்: பரோடா விடுதியில் அண்ணல் தங்கிய 11 நாட்கள்

பழைய கட்டடம், அரிக்கேன் வெளிச்சம், ஆளரவமற்ற அமைதி. நகரத்து 'பாரம்பரிய' விடுதிகளில் தங்கி வருகிறவர்கள் இன்று இப்படித்தான் புகழ்ந்து எழுதுகிறார்கள். இதற்காகவே ஆயிரக்கணக்கில் வாடகை கொடுக்கிறார்கள். இவை எல்லாம் இருந்த ஒரு விடுதியில், நூறு ஆண்டுகளுக்கு முன் தங்கிய ஒருவரும் தன் அனுபவத்தை எழுதி வைத்திருக்கிறார். அவர் அண்ணல் அம்பேத்கர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தமிழில் நாம் அறிந்த அந்தச் சிறு நூலை, ஓட்டல் அறையில் ஒருமுறையாவது தங்கிய ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும்.

ஆண்டு 1917. அண்ணலுக்கு வயது 26. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்து, லண்டனிலும் படித்துவிட்டு நாடு திரும்பியிருந்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில் படித்ததால், அந்த சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அரசாங்கமே அழைத்த அதிகாரி. ஆனால் பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் அவர் முன் நின்ற கேள்வி: எங்கே தங்குவது?

இந்து விடுதிகள் சேர்க்காது. வேறு பெயரில் போகலாம், ஆனால் பிடிபட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பார்சிகள் நடத்தும் விடுதி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். பார்சி மதத்தில் தீண்டாமை இல்லையே என்ற நம்பிக்கை. அங்கும் பார்சிகளுக்கு மட்டும்தான் இடம். ஆள் வராமல் காசு பார்க்க முடியாதிருந்த பராமரிப்பாளர் ஒரு வழி சொன்னார்: பதிவேட்டில் பார்சிப் பெயர் எழுதினால் தங்கலாம். உணவோடு நாளுக்கு ஒன்றரை ரூபாய். அண்ணல் சம்மதித்தார்.

மாடியில் ஒரு சிறிய அறை. பக்கத்துப் பெரிய கூடம் முழுக்க உடைந்த நாற்காலியும் பெஞ்சும் குப்பையும். மின்விளக்கு கிடையாது. மாலையில் பராமரிப்பாளர் ஒரு அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து வைப்பார். இருட்டில் வௌவால்கள் பறக்கும். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. படித்துப் படித்தே அந்தத் தனிமையைக் கடந்திருக்கிறார். சமஸ்தானத்து வீடு ஒன்று கிடைத்துவிடும் என்று காத்திருந்தார்.

11-ஆம் நாள் காலை அலுவலகம் கிளம்பும் நேரத்தில், கையில் தடியோடு ஒரு டஜன் பார்சிகள் மாடி ஏறி வந்தார்கள். நீ யார், எப்படி உள்ளே வந்தாய், விடுதியைத் தீட்டாக்கிவிட்டாய் என்று கத்தினார்கள். ஒரு வாரம் அவகாசம் கேட்டார். கிடைக்கவில்லை. மாலைக்குள் காலி செய்ய வேண்டும்.

இரண்டு நண்பர்களிடம் போனார். ஒருவர் இந்து: நீ வந்தால் என் வீட்டு வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் கிறிஸ்தவர்: மனைவி நாளை வருகிறாள், அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பிராமணக் குடும்பத்திலிருந்து மதம் மாறியவர்கள் அவர்கள் என்பது அண்ணலுக்குப் பிறகுதான் தெரிந்தது. பம்பாய் ரயில் இரவு 9 மணிக்கு. அதுவரை ஐந்து மணி நேரம் ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று மதத்துக் கதவுகளும் அன்று ஒரே பதிலைச் சொல்லின. தீண்டாமை இந்துக்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு நாளே பாடம். சாதி, மத எல்லையைத் தாண்டி நடமாடுகிறது. வெளிநாட்டுப் பட்டம் அதை நிறுத்தவில்லை, அரசு வேலை நிறுத்தவில்லை. அந்த விடுதியில் ஒரு தலித் விருந்தினராக இருக்க ஒரே நிபந்தனை, அவர் தலித்தாக இருக்கக் கூடாது என்பதுதான்.

இது இந்தியாவோடு நிற்பதும் அல்ல. 1943-இல் மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் லண்டன் இம்பீரியல் ஓட்டலில் முன்பதிவு செய்து குடும்பத்தோடு போனார். கறுப்பர் என்பதால், வெள்ளை அமெரிக்க விருந்தினர்கள் முகம் சுளிப்பார்கள் என்று காரணம் காட்டி வெளியேறச் சொன்னது நிர்வாகம். அவர் வழக்குப் போட்டு 1944-இல் வென்றார். வரும் பயணியைத் தக்க காரணமின்றி விடுதிக்காரர் மறுக்கக் கூடாது என்ற பழைய ஆங்கிலச் சட்டம் அவருக்குக் கைகொடுத்தது. 1917-இல் அண்ணலுக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அந்த வெற்றிடத்தைத்தான் அரசியல் சட்டம் நிரப்பியது. கடை, உணவகம், ஓட்டல், பொழுதுபோக்கிடம் எதிலும் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது 15(2) பிரிவு. 17-ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. 1955-இல் வந்து, 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டம், லாட்ஜ், போர்டிங், காபி கடை எல்லாவற்றையும் 'ஓட்டல்' என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது. சத்திரம், ஓட்டலில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையும் அதில் உண்டு. 'தருமம் செய்கிறோம், யாருக்கு என்பது எங்கள் இஷ்டம்' என்று சத்திரங்கள் சொல்லிவந்த காலத்துக்கு அது பதில்.

சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து ஏழாண்டு கழித்தும், 1957-இல், சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் 'பிராமணாள்' பலகையை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. தொண்டர்கள் நாள்தோறும் கைதானார்கள். நகரத்தில் பலகைகள் இறங்கின. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடித் தொழிற்சாலைகளும், வெளியூர்ப் பிள்ளைகளைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அவர்கள் அறை தேடுவது திருமுல்லைவாயில் போன்ற ஊர்களில்தான். களப்பணியில் நான் கேட்கும் கதைகளில் 'தீட்டு' என்ற சொல் வருவதில்லை. "சொந்த ஊர் எது? ஊரா, காலனியா? கவிச்சி சாப்பிடுவீங்களா? அப்பா என்ன வேலை?" என்ற கேள்விகள் வருகின்றன. பதில் சொன்ன மறுநாள், "அட்வான்ஸ் வேற ஒருத்தர் கொடுத்துட்டாங்கப்பா" என்று போன் வருகிறது. பார்சிப் பெயர் எழுதிய அதே நிலைமையில், அப்பா பெயரை மாற்றிச் சொல்லும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

தோழர்களே, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஓட்டலோடு நிற்கவில்லை. எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையையும் அது சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், மறுப்பு தீண்டாமையின் காரணமாகவே என்று நீதிமன்றம் முதலில் கருத வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. சாதிப் பெயரைச் சொல்லி நாலு பேர் பார்க்க இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. ஆகவே அறை மறுக்கப்பட்டால் தேதி, நேரம், பேசிய வார்த்தை, வந்த குறுஞ்செய்தி எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். தனியாக அழுதுவிட்டு வேறு வீடு தேடாதீர்கள்.

அண்ணல் செய்ததும் அதைத்தான். அந்த நாளை நினைத்தால் பல ஆண்டுகள் கழித்தும் கண்ணீர் வருகிறது என்றவர், நாள் கணக்கு, வாடகை, ரயில் நேரம் உட்பட அனைத்தையும் எழுதி வைத்தார். அதனால்தான் பரோடா விடுதி இன்றும் நம் முன் சாட்சியாக நிற்கிறது.

ஜெய் பீம்.