நாலாவது பேர்

பேத்தி நோட்டும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, நம்ம வம்சத்தப் படம் போட்டுக்கிட்டு வரச் சொன்னாங்க. மேல யாரு?"

எங்கள் ஆயா இருந்தவரை மூன்று பேர் சொல்லும். தன் புருஷன், மாமனார், அவரைப் பெத்தவர். "அதுக்கு மேல ஆரு கண்டா சாமி? படியாளுக்குப் பேரு என்னாத்துக்கு, 'அடேய்'னு கூப்புட்டா போதாதா" என்று முடித்துவிடும்.

நாங்கள் நெய்வேலிக்காரர்கள். 1957 மே 20 அன்று நேரு இங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஆயா வாழ்க்கைப்பட்ட சேரியும் இடுகாடும் பழுப்பு நிலக்கரிக் குழிக்குள் போய்விட்டன. நிலம் எடுக்க அப்போது இருந்தது 1894ஆம் வருஷத்துச் சட்டம். அது பார்த்தது பட்டாவை. பட்டா ஊர்த்தெருக்காரர் பேரில். சேரிக்காரன் எந்த ஏட்டில் போய்த் தன் பாட்டனைத் தேடுவது?

இங்கிலாந்தில் 1538இல் தாமஸ் கிராம்வெல் ஒரு உத்தரவு போட்டார். ஒவ்வொரு கோயில் குருவும் ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் ஏட்டில் எழுதவேண்டும். அதில் நிலமில்லாத கூலிக்காரன் பிள்ளைக்கும் ஒரு வரி உண்டு. ஏடு அழியாத கிராமங்களில் அதைப் புரட்டியே நானூறு வருஷம் பின்னால் போகிறார்கள்.

நம் ஜனங்களுக்கும் ஒரு ஏடு உண்டு. ஊரில் இல்லை, கப்பலில். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தைச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். ஆளுக்கொரு எண். பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு, எல்லாம் பதிவாச்சு. தென்னாற்காட்டு ஜில்லாக்காரர்களும் அதில் உண்டு. இன்றைக்கு அங்கே இருக்கிற பேரப்பிள்ளைகள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இங்கே ஊர் தேடி வருகிறார்கள்.

கப்பல்காரன் அன்பால் எழுதவில்லை. ஆள் கணக்குக்கு எழுதினான். ஆனாலும் தகப்பன் பேர் என்னவென்று கேட்டான். தலைமுறை தலைமுறையாக உழுதுபோட்ட ஊர் அதைக்கூடக் கேட்கவில்லை. ஊரைவிட்டுப் போனவனுக்கு வம்சம் கிடைத்தது. இங்கேயே கிடந்து உழைத்தவனுக்கு இல்லை.

பேத்தி நோட்டில் மூன்று பேரை எழுதச் சொன்னேன். நாலாவது கட்டம் காலி. கீழே, இடுகாடு எந்தத் திக்கில் இருந்தது, எந்தக் குழிக்குள் போனது என்பதையும் எழுதவைத்தேன். உங்கள் வீட்டில் கிழவன் கிழவி இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள். நமக்கு ஏடு நாம்தான்.