வாசலுக்கு வந்த பள்ளிக்கூடம்: வங்கதேசம் காட்டும் வழி

நாட்டுப்புறத்துப் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லாமைக்குப் பெற்றோரின் அறியாமையே காரணம் எனக் கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இக்கூற்று எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆராய, வங்கதேசத்தின் அண்மைக்கால வரலாறு பெரிதும் துணைசெய்கிறது.

1971இல் போரின் அழிவுகளுக்கிடையே அந்நாடு பிறந்தது. மறு ஆண்டில் ஃபஸ்லே ஹசன் ஆபித் (1936–2019) தோற்றுவித்த 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம், துயர் துடைப்புப் பணியில் தொடங்கி, முதியோர் கல்விக்கும் வந்தது. அவ்வகுப்புகளுக்கு வந்த தாய்மார் தம் பிள்ளைகளின் கல்விக்கு என்ன வழி என்று வினவினர். அவ்வினாவின் விடையாக 1985இல் 22 ஓரறைப் பள்ளிகள் தோன்றின.

மூங்கில் தட்டியும் தகரக் கூரையும் கொண்ட வாடகை அறை. முப்பதைச் சற்றே தாண்டிய பிள்ளைகள். அவ்வூரிலேயே வாழும், ஓரளவு படித்த ஒரு பெண்ணே ஆசிரியை. நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரப் பாடம். அந்நேரத்தைப் பெற்றோரே முடிவு செய்தனர். அறுவடைக் காலத்தில் விடுமுறை. மாணவரில் பெரும்பான்மையோர் சிறுமியர். 1990களின் இறுதியில் இத்தகைய பள்ளிகள் முப்பதாயிரத்தைத் தாண்டின. பெற்றோர் மறுத்தது கல்வியை அன்று; தொலைவையும் செலவையும் பொருந்தா நேரத்தையுமே என்பது இதனால் தெளிவாகும்.

வருந்தத்தக்க ஓர் உண்மையையும் நாம் மறைத்தலாகாது. 1993–94ஆம் ஆண்டுகளில் சமயத்தின் பெயரால் எழுந்த எதிர்ப்பில் இப்பள்ளிகள் பல தீக்கிரையாயின. வெளிநாட்டு நிதி குறித்த ஐயம் சிலருக்கு இருந்திருக்கலாம். ஆயினும் எரிந்தவை ஏழைச் சிறுமியரின் வகுப்பறைகளே அல்லவா?

அதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஆலியா மத்ரஸாக்களின் 'தாகில்' தேர்வு 1985இல் பள்ளி இறுதித் தேர்வுக்கு இணையாக ஏற்கப்பட்டது. 1994இல் கிராமப்புற மாணவியருக்கு அரசு உதவித்தொகை வழங்கியது. 75 விழுக்காடு வருகை, 45 விழுக்காடு மதிப்பெண், படிப்பு முடியும்வரை மணம் புரியாமை ஆகியன அதற்குரிய நிபந்தனைகள். பதிவுபெற்ற மத்ரஸாக்களும் இத்திட்டத்தில் சேர்ந்தன. அதுகாறும் ஆண்பிள்ளைகளே நிறைந்திருந்த அவற்றின் கதவுகள் மாணவியருக்குத் திறந்தன. சில ஆண்டுகளில் அவர்கள் அங்கே பெருந்தொகையினராயினர். மார்க்கக் கல்வியும் பொதுக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் அமைந்தபோது, மகளை அனுப்பத் தயங்கிய தந்தையரும் இசைந்தனர்.

குறைகள் தீர்ந்துவிடவில்லை. இளவயதுத் திருமணம் இன்றும் அங்கே பரவலாக உள்ளது. பள்ளியில் சேர்ந்தோர் அனைவரும் சரளமாக வாசிப்பதுமில்லை. எனினும் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்ப வளைப்பதை விடுத்து, பிள்ளையின் வாழ்வுக்கு ஏற்பப் பள்ளியை அமைத்ததே அந்நாட்டின் வெற்றி. மத்ரஸாக்களில் கற்பிக்கும் நாம், நம் பாடநேரமும் கதவும் யாருக்காக அமைந்துள்ளன என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.